மார்க்கர் வண்ணங்கள் கோடின்றிக் கலப்பது எப்படி?

ஆலங்குடியில் நடக்கும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் பெரிய தாமரைப் படம் ஒன்றை வரைவதாக வைத்துக்கொள்வோம். இதழின் நுனியில் கருஞ்சிவப்பு, அடியில் வெளிர்சிவப்பு. நடுவே கோடு தெரியக்கூடாது. நீர் மை நிரம்பிய ஸ்கெட்ச் பேனாவால் தீட்டினால் கோடு கோடாகத் தெரிகிறது. திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நைந்து உரிகிறது. ஆல்கஹால் மார்க்கரில் இந்தத் தொல்லை குறைவு. ஏன் என்று பார்ப்போமா?

தாள் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். நீர் பட்டதும் இழைகள் உப்புகின்றன. அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்கின்றன. தாள் நைவதற்குக் காரணம் இதுவே. மார்க்கரிலோ சாயம் எத்தனால் போன்ற ஆல்கஹாலில் கரைந்துள்ளது. இது இழைகளை அவ்வளவாக உப்பச் செய்வதில்லை. எத்தனாலின் பரப்பு இழுவிசை, நீரின் பரப்பு இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே அது தாளை எளிதில் நனைத்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளின் இடுக்குகளில் பரவுகிறது.

இனி வண்ணம் கலக்கும் முறை. முதலில் இதழ் முழுவதும் வெளிர்சிவப்பைத் தீட்டுங்கள். ஈரம் காயுமுன் நுனியில் கருஞ்சிவப்பைத் தீட்டுங்கள். பிறகு வெளிர்சிவப்பு மார்க்கரையே மீண்டும் எடுத்து, இரு நிறங்களும் சந்திக்கும் எல்லையின்மேல் ஓட்டுங்கள். புதிதாக வரும் ஆல்கஹால் அங்குள்ள சாயத்தை மறுபடியும் கரைக்கிறது. சாய மூலக்கூறுகள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த இடத்திற்கு நகர்கின்றன. எல்லைக்கோடு மறைந்துவிடுகிறது.

ஆனால் இதற்குக் கிடைக்கும் நேரம் சிறிது. 1 கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 840 ஜூல் போதும். சித்திரை வெயிலில், மின்விசிறிக்குக் கீழே, மை நொடிகளில் காய்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் இதழாகத் தீட்டி முடியுங்கள். காற்று நேரே தாளின்மேல் வீசாதபடி அமருங்கள். அதற்காகச் சன்னலைச் சாத்திவிடாதீர்கள். ஆல்கஹால் ஆவியைச் சுவாசிப்பது நல்லதல்ல. அது தீப்பற்றும் ஆதலால் அருகில் அடுப்போ விளக்கோ கூடாது. மை மறுபுறம் ஊறும். அடியில் வேண்டாத தாள் ஒன்றை வையுங்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் தீட்டிய படம் எத்தனை நாள் நிலைக்கும்? இதே புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள சித்தன்னவாசல் குகைக்கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைக்குளம் தீட்டப்பட்டுள்ளது. காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. பெரும்பகுதி சிதைந்துவிட்டாலும், எஞ்சியுள்ள இடங்களில் நிறம் இன்றும் தெரிகிறது. காவிக்கல், கரி, சுண்ணாம்பு போன்றவை அங்கு நிறம் தந்த பொருள்கள். இவை சாயங்கள் அல்ல, நிறமிகள். அதாவது கரையாத நுண்துகள்கள். காவியின் நிறத்துக்குக் காரணமான இரும்பு ஆக்சைடு, ஆக்சிஜனுடன் ஏற்கெனவே கூடி முடிந்த பொருள். வெளிச்சம் அதை எளிதில் மாற்றுவதில்லை.

மார்க்கரின் சாயமோ கரிமச் சேர்மம். தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்து பரவுவதால்தான் அது அழகாகக் கலக்கிறது. அவ்வாறு பரவி நிற்கும் மூலக்கூறுகளின் பிணைப்புகளைச் சூரிய ஒளியிலுள்ள புறஊதாக்கதிர்கள் சிதைக்கின்றன, நிறம் வெளிறுகிறது. கலப்பதற்கு உதவும் பண்பே நிலைப்பதற்கு இடையூறாகிறது!

ஆகவே, கண்காட்சி முடிந்ததும் உங்கள் தாமரையை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். கோப்பில் வைத்துப் பாதுகாத்து, சுவருக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒரு துண்டுத் தாளில் நான்கைந்து மார்க்கர்களால் பட்டைகள் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் ஒட்டுங்கள். சில வாரங்கள் கழித்துத் திறந்து பாருங்கள். எந்த நிறத்தை நம்பலாம் என்பதை நீங்களே கண்டறியலாம்.