புகை உள்ளே போன பிறகு

சிகரெட்டோ பீடியோ, புகைதான் நுரையீரலை நேரடியாகப் பொசுக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சிஓபிடி எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயில், நுரையீரலின் இழையத்தைப் பெருமளவு அறுத்துத் தின்பவை நம் சொந்த நோயெதிர்ப்புச் செல்கள். புகை அவற்றைக் கிளப்பிவிடுகிறது. அது படிப்படியாக நடக்கும் வேலை.

முதல் அடி மூச்சுக்குழாயின் உட்சுவரில் விழுகிறது. தூசியையும் சளியையும் மேலே தள்ளிவிடும் குற்றிழைகளை, புகையிலுள்ள அக்ரோலின் போன்ற பொருள்கள் மந்தமாக்குகின்றன. சளி சுரக்கும் செல்களோ பெருகுகின்றன. சளி தேங்குகிறது, காலையில் இருமல் வருகிறது.

இதையும் தாண்டி ஆழத்துக்குப் போகும் துகள்களை, காற்று நுண்ணறைகளில் ரோந்து சுற்றும் மேக்ரோஃபேஜ்கள் விழுங்குகின்றன. புகைப்பவரின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் இந்தச் செல்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றின் உடலெங்கும் பழுப்புக் கறை: செரிக்க முடியாமல் தேங்கிய புகைக் கழிவு. 1974இல் அமெரிக்க ஆய்வாளர்கள் திடீரென இறந்த இளைஞர்களின் நுரையீரல்களைச் சோதித்தார்கள். புகைத்தவர்களின் சிறு மூச்சுக்குழாய்களைச் சுற்றி இந்தப் பழுப்புச் செல்கள் அப்போதே குவிந்திருந்தன. மூச்சிரைப்பு தொடங்கப் பல ஆண்டுகள் இருக்கும் வயது அது.

சீண்டப்பட்ட மேக்ரோஃபேஜ் ஆள் திரட்டுகிறது. அதுவும் குழாய்ச் சுவரின் செல்களும் வெளியிடும் இன்டர்லூகின்-8, லூகோட்ரையீன் பி4 ஆகிய சமிக்ஞைகளைக் கேட்டு, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து இறங்குகின்றன. அவற்றின் ஆயுதம் எலாஸ்டேஸ் என்ற நொதி. கிருமிகளை அழிப்பதற்கானதுதான்; ஆனால் எலாஸ்டினையும் அது வெட்டும். மூச்சை விட்டதும் நுண்ணறைகள் சுருங்கிக்கொள்வது இந்த எலாஸ்டின் நார்களால்தான். உடல் அதைப் பெரும்பாலும் வளரும் பருவத்தில் நெய்து முடித்துவிடுகிறது. பின்னால் அறுந்தால் பழையபடி நெய்துகொள்ளாது.

இந்தக் கத்திக்கு உறையும் உண்டு. கல்லீரல் சுரக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்ற புரதம் எலாஸ்டேஸைப் பிடித்து முடக்கும். அதன் முக்கியத்துவம் புரிந்தது 1963இல். ஸ்வீடனின் மால்மோ நகரில் ஆய்வாளர்கள் லாரெலும் எரிக்சனும் ரத்தத்தில் இந்தப் புரதம் வெகுவாகக் குறைந்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் மூவருக்கு நுரையீரல் கெட்டிருந்தது. பிறவியிலேயே இந்தக் குறை உள்ளவர்கள் புகைத்தால் நோய் வெகு சீக்கிரம் முற்றிவிடும். குறையில்லாதவர்களுக்கும் முழுப் பாதுகாப்பு இல்லை. அந்தப் புரதத்தின் 358ஆம் இடத்திலுள்ள மெத்தியோனினைப் புகை ஆக்சிஜனேற்றம் செய்ய, எலாஸ்டேஸ் மீதான பிடி நழுவுகிறது. கத்திகள் கூடும் அதே நேரத்தில் உறையும் கிழிகிறது. இந்த நோயின் குரூரம் இங்கேதான் என்பேன்.

பழியெல்லாம் நியூட்ரோஃபிலுக்கு மட்டும் சேராது. மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் எம்எம்பி-12 என்ற நொதி இல்லாத எலிகளை நெடுநாள் புகையில் வைத்தும் அவற்றுக்கு எம்ஃபிசீமா, அதாவது நுண்ணறைகள் சிதையும் நிலை, வரவில்லை என்று 1997இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். டி செல்களில் சிடி8 வகையும் நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சுவர்களில் கூடி, செல்களைக் கொல்லும் பொருள்களைக் கக்குகிறது. நோய் முற்றியவர்களின் சிறு குழாய்களை ஒட்டி நிணநீர்ச் செல்கள் முடிச்சு முடிச்சாகவே முகாமிட்டிருப்பதை 2004இல் ஹாக் குழுவினர் விவரித்தார்கள். இதற்கிடையே, செத்த செல்களையும் கிருமிகளையும் அப்புறப்படுத்தும் தன் அன்றாட வேலையில் மேக்ரோஃபேஜ் பின்தங்கிவிடுகிறது. அதனால் ஹீமோஃபிலஸ் போன்ற பாக்டீரியாக்கள் நிலைகொள்கின்றன. நோய் அடிக்கடி சீறுகிறது.

புகையை விட்டதும் இந்தப் படை கலைந்துவிடாது. நோய் வந்தவர்களிடம் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இழந்த நுண்ணறைகளும் திரும்புவதில்லை. ஆனாலும் விட்டவர்களின் நுரையீரல் திறன் குறையும் வேகம், புகைக்காதவர்களின் வேகத்துக்கு அருகில் வந்துவிடுவதை 1977இல் ஃபிளெட்சரும் பீட்டோவும் காட்டினார்கள். அறுபது வயதில் விட்டாலும் மிச்சம் இருப்பது மிஞ்சும். நாற்பதைத் தாண்டிய, புகைக்கிற அல்லது புகைத்த ஒருவருக்கு மாடிப்படி ஏறும்போது மூச்சு இளைத்தால், வயதைக் காரணம் சொல்லாமல் ஒருமுறை மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி கருவியில் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள்.