கீச்சிடும் ஒலியும் ஒரு துளி எண்ணெயும்

இங்கிலாந்திலே அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் 1962 ஆம் ஆண்டு தொடக்கம் 1980 ஆம் ஆண்டு வரை ஆக்கப்பெற்ற எம்.ஜி.பி. என்னும் சிறிய விளையாட்டு மோட்டார் வண்டியை வாசகர்கள் படத்திலேனும் கண்டிருப்பர். ஐந்து இலட்சத்துக்கு மேல் வெளிவந்த அவ்வண்டிகளுட் பல இன்றும் ஓடுகின்றன. அவற்றைப் பேணுவோரை அலைக்கழிக்கும் தொல்லைகளுள் ஒன்று, எஞ்சின் பக்கமிருந்து எழும் கீச்சொலி. காற்றாடி வாரை மாற்றுவர், நீர்ப்பம்பியைக் கழற்றுவர், பணம் கரையும், ஒலி போகாது. எவரும் ஐயுறாத டிஸ்டிரிபியூட்டர் அங்கே கீச்சிட்டுக்கொண்டேயிருக்கும்.

நான்கு பிளக்குகளுக்கும் முறைப்படி மின்பொறியைப் பங்கிடும் கருவி இது. எஞ்சின் இருமுறை சுழல, இதன் அச்சு ஒருமுறை சுழலும். அச்சுழற்சி ஒன்றிலே நான்கு பொறிகள் பிறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலுமாயின் பொறிகள் 6,000! இத்தனை உழைப்புக்கும் அது கேட்கும் கூலி சில துளி எண்ணெயே.

முதற்சோதனை மிக எளிது. காற்றாடி வாரைக் கழற்றிவிட்டு, எஞ்சினைச் சில நொடிகள் மாத்திரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒலி மறைந்தால் குற்றம் வாரிலோ பம்பியிலோ மின்பிறப்பாக்கியிலோ உள்ளது. மறையாவிடின், வைத்தியர் நெஞ்சொலி கேட்பதுபோல, ஒரு மரக்கோலின் நுனியை டிஸ்டிரிபியூட்டரின் உடலில் வைத்து மறுநுனியில் காதை வைத்துக் கேட்கலாம். இரும்புத் திருப்புளி வேண்டாம். மேல்மூடியையும் கம்பிகளையும் தொடவும் வேண்டாம். அங்கே ஓடுவது பல்லாயிரம் வோல்ற்று மின்சாரம்.

கீச்சொலி அங்கேதான் எழுகிறதென்றால், எஞ்சினை நிறுத்தி மூடியைத் திறக்க வேண்டும். நாற்கோணமான உருளையொன்று சுழன்று, பொயின்றின் குதியைத் தள்ளுவதைக் காணலாம். உருளை உலர்ந்திருந்தால் குதி உரசிக் கீச்சிடும். இதை வெறும் சத்தமென்று விடுவது தவறு. குதி தேயத் தேயப் பொயின்றின் இடைவெளி குறுகும். இருக்க வேண்டிய அளவோ ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்குதான். அது முற்றாக அடைபட்டால் பொறி பிறவாது. வண்டி நடுத்தெருவில் நின்றுவிடும்.

உருளையில் குண்டூசித் தலையளவு கிறீசும், சுழலும் கையை எடுத்துவிட்டு அதனடியில் தெரியும் திருகாணிமேல் இரண்டொரு துளி எண்ணெயும் போதும். தாராளம் இங்கே ஆகாது. பொயின்றில் எண்ணெய் படிந்தால் புதியதொரு நோய் தொடங்கும். மூடியின் நடுவிலுள்ள கரித்துண்டுக்கு எண்ணெய் இடவே கூடாது.

கீச்சொலியன்றித் 'டிக் டிக்' என்னும் ஓசையாயின் வழி வேறு. வால்வு இடைவெளி அகன்றாலும் இதே ஓசை கேட்கும். ஆனால் ஓசையோடு எஞ்சின் இடையிடையே தடுமாறினால், மின்சாரம் கம்பியிலிருந்தோ வெடித்த மூடியிலிருந்தோ வெளியே பாய்கிறதோ என்று ஐயுறலாம். இரவில் விளக்கின்றிப் பார்த்தால், அவ்விடத்தில் நீலப்பொறி தாவுவது கண்ணுக்குத் தெரியும். சுழலும் கையின் பித்தளை முனையிலும் மூடியின் உட்பக்கத்திலும் புதுக்கீறல் இருந்தால், அவை இரண்டும் ஒன்றையொன்று முட்டுகின்றன. அப்போது அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். நன்றாக ஆடுமாயின் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. எண்ணெயால் அது தீராது. புதுப் புஷ் இடுவிக்கத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே வழி.