தெரிந்த கதைதான்... ஆனால் இதெல்லாம் தெரியுமா?

முடிவு தெரிந்த கதைக்கும் நெஞ்சு படபடக்குமா? படபடக்கும்! கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் அதை நேரிலேயே பார்த்தேன். கொரியாவின் கே.பி.எஸ். 2 தொலைக்காட்சியில் 2005-இல் வந்த காதல் நகைச்சுவைத் தொடர், 'டிலைட்ஃபுல் கேர்ள் சுன்ஹியாங்'. மொத்தம் 17 பகுதிகள். கதையை முதலிலேயே அத்தையிடம் சொல்லிவிட்டேன். அப்படியும், கல்வராயன் மலைச் சாமையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவரின் கை நாலாம் பகுதியில் அப்படியே நின்றுவிட்டது. "பேசாம இருடி, அவன் என்ன சொல்றான்னு கேக்கணும்!" என்றார். அத்தைக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது!

கொரியாவுக்கே தெரிந்த காதல்

நம் வீடுகளில் நளன் தமயந்தி எப்படியோ, கொரிய வீடுகளில் சுன்ஹியாங் அப்படி! நம்வொன் ஊரில் தானோ பண்டிகை நாள். அதாவது ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள். ஊஞ்சலாடும் சுன்ஹியாங்கைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறான் அதிகாரியின் மகன் மோங்ரியோங். ரகசியத் திருமணம் முடிகிறது. அவன் தலைநகர் போகிறான். புதிதாக வந்த அதிகாரி அவளைத் தன் ஆசைக்கு இணங்கச் சொல்கிறான். மறுத்தவளுக்குச் சிறை! தேர்வில் முதலாவதாக வந்த மோங்ரியோங், அரசனின் ரகசிய ஆய்வாளனாகப் பிச்சைக்காரன் வேடத்தில் திரும்பி வந்து அவளை மீட்கிறான்.

அந்த ஆய்வாளர்களுக்கு அடையாளம் என்ன தெரியுமா? குதிரை பொறித்த ஒரு வட்ட வில்லை. அதில் எத்தனை குதிரைகள் பொறித்திருக்கிறதோ, அரசு லாயத்தில் அத்தனை குதிரைகளை அவர் வாங்கிக்கொள்ளலாம்!

பழைய கதைக்குப் பள்ளிச் சீருடை!

தொடரை எழுதிய ஹோங் ஜங்-உன், ஹோங் மி-ரான் இருவரும் அக்கா தங்கை. அவர்கள் எழுதிய முதல் தொடரே இதுதான்! இதில் காதலர்கள் பள்ளி மாணவர்கள். ஒரு தப்புப் புரிதலால் படிக்கும்போதே கல்யாணம் ஆகிவிடுகிறது. கொடுமைக்கார அதிகாரி கலைநிறுவன முதலாளியாகிவிட்டார். ரகசிய ஆய்வாளன் அரசு வழக்கறிஞனாகிவிட்டான். ஒவ்வொரு பகுதி முடிவிலும் அதே ஆட்கள் பழைய அரசர் காலத்து உடையில் வந்து ஒரு குறும்பு நாடகம் போடுவார்கள். அத்தை பளிச்சென்று சொன்னார்: "இது நம்ம கூத்துக் கட்டியக்காரன் வேலைடி!"

ஒரே தொண்டை, எட்டு மணி நேரம்!

இந்தக் கதை காலங்காலமாக ஊர் ஊராகப் போனது 'பன்சோரி' என்ற கலையால். ஒருவர் கையில் விசிறியோடு நின்று கதை முழுவதையும் பாடுவார். பக்கத்தில் ஒருவர் முரசு தட்டுவார். அவ்வளவுதான்! சுன்ஹியாங் கதையை முழுதாகப் பாட எட்டு மணி நேரம்கூட ஆகும். கேட்பவர்கள் நடுநடுவே "ஜோத்தா!" என்று குரல் கொடுப்பார்கள். 'அருமை!' என்று பொருள். விடிய விடியப் பாரதக் கூத்துப் பார்க்கிற நமக்கு இது புதிதா? அர்ச்சுனன் தபசு மரம் ஏறப் போவது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் அவன் முதல் படியில் கால் வைக்கும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே!

1935-இல் வந்த கொரியாவின் முதல் பேசும் படமும் சுன்ஹியாங் கதைதான். 2000-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போன முதல் கொரியப் படமும் அதே கதைதான்! இயக்கியவர் இம் க்வான்-தேக். படம் முழுக்கப் பன்சோரிக் குரல் கூடவே வரும்.

கதைப் பெண்ணுக்கு ஊரே விழா!

நம்வொன் ஊரில் 1931 முதல் சுன்ஹியாங்குக்குத் திருவிழா எடுக்கிறார்கள். நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்தை நினைத்துப் பாருங்கள்! சித்திரையில் திருநங்கையர் திரண்டு வந்து பாரதக் கதையின் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். விடிந்தால் அது அறுக்கப்படும் என்பது தெரிந்தே கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் எழும் அந்த அழுகையில் ஒரு துளியும் பழையதல்ல.

ஊஞ்சல் காட்சி நம்மிடமும் உண்டு!

இதைக் கேட்டால் நீங்களே துள்ளுவீர்கள். கலித்தொகையின் 37-ஆம் பாட்டு. ஒருவன் வில்லோடு, விலங்கின் காலடியைத் தேடுபவன் போல நாள்தோறும் வருகிறான். பார்க்கிறான், ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறான். கிளியோட்டும் தினைப்புனத்துப் பக்கத்தில் ஊஞ்சலாடும் பெண், ஒருநாள் "கொஞ்சம் ஆட்டிவிடேன்" என்கிறாள். அவன் ஆட்ட, கை நழுவியது போல அவன் மார்பில் விழுகிறாள்! நிஜமென்று நம்பித் தாங்கிக்கொள்கிறான். மயங்கியவள் போலவே கிடக்கிறாள். ஏன் தெரியுமா? கண் விழித்தால், அந்த நல்லவன் உடனே "வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிடுவானாம்!

கொரியத் தொடர்களில் நாயகி தடுக்கி விழ, நாயகன் தாங்கிப் பிடிக்கும் காட்சி எத்தனை எத்தனை! அந்தக் குறும்பு நம் கலித்தொகையின் குறிஞ்சிக்கலிப் பகுதியில் எப்போதோ ஏறிவிட்டது. அதைப் பாடியவர் கபிலர் என்பது மரபு. அந்தக் கபிலர் உயிர்விட்ட இடமென்று காட்டப்படும் கபிலர் குன்று எங்கே இருக்கிறது தெரியுமா? நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், தென்பெண்ணை ஆற்றுக்குள்! அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டும் அவரைப் பேசுகிறது.

காதல் கதையால் மொழி கற்பித்தவர்!

அதே கபிலர் ஆரிய அரசன் பிரகத்தத்தனுக்குத் தமிழை அறிவிக்கப் பாடியதுதான் குறிஞ்சிப்பாட்டு. 261 அடிகள். இலக்கணச் சூத்திரமா நீட்டினார்? இல்லை! தினைப்புனம் காக்கும் பெண், பாய்ந்து வரும் யானை, அம்பெய்து காக்கும் இளைஞன் என்று ஒரு காதல் கதையைச் சொன்னார். நடுவில் 99 மலர்களின் பெயர்களையும் அடுக்கினார். காதலைக் கேட்டால் மொழி தானே ஒட்டிக்கொள்ளும் என்பதை அந்தக் கிழவர் அன்றே கண்டுவைத்திருக்கிறார்!

சந்தேகமா? எங்கள் அத்தையைப் பாருங்கள். 17 பகுதியும் முடிந்தன. கொரிய மொழியிலும் அப்பாவை 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள் என்று அவரே கண்டுபிடித்துத் தெருவுக்கே சொன்னார். போன வாரம் ஊரில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரத்தின் முதல் படியில் கால் வைத்தான். கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்த குரல் எங்கள் அத்தையுடையது:

"ஜோத்தா!"