விஷ இறால்: சிங்கப்பூர் தன்னை எப்படிக் காப்பாத்திக்குது?

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். பக்கத்து நாடு நம்மைவிடப் பல மடங்கு பெருசு. குடிக்கிற தண்ணியே அங்கேருந்துதான் வருது. சண்டைன்னு வந்தா பின்வாங்கக்கூட இடம் கிடையாது. இப்படி ஒரு நாடு எப்படி நிம்மதியாத் தூங்கும்?

1965 ஆகஸ்ட் 9 அன்னைக்கு சிங்கப்பூரோட நிலைமை அதுதான். மலேசியாவிலிருந்து பிரிஞ்சு தனி நாடாச்சு. மக்கள்தொகை சுமார் 19 லட்சம். கையில் இருந்தது ரெண்டே ரெண்டு காலாட்படை பட்டாலியன். வடக்கே ஒரு கிலோமீட்டர் தரைப்பாலத்தைத் தாண்டினா மலேசியா. தெற்கே இந்தோனேசியா, அது அப்போ மலேசியாவுக்கு எதிரா ஒரு மோதலே நடத்திக்கிட்டு இருந்தது. அதே வருஷம் மார்ச் 10 அன்னைக்கு ஆர்ச்சர்ட் ரோட்டுல மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்துல இந்தோனேசிய வீரர்கள் வைத்த குண்டு வெடிச்சு 3 பேர் இறந்திருந்தாங்க. பிரிட்டிஷ் படை இருக்கேன்னு நம்பினா, 1968 ஜனவரியில அவங்களும் கிளம்பறோம்னு அறிவிச்சுட்டாங்க.

இந்த மாதிரி நாடுகளோட ஆயுதம்தான் டிடரன்ஸ். தமிழ்ல 'தடுப்பாற்றல்'னு சொல்லலாம். அதாவது, சண்டையில ஜெயிக்கிறது நோக்கமே இல்ல. "இவனைத் தொட்டா லாபத்தைவிடச் செலவு அதிகம்"னு எதிராளியையே கணக்குப் போட வைக்கிறதுதான் நோக்கம்.

என் தொழில்லேருந்து ஒரு உதாரணம். பாஸ்வேர்டைச் சேமிக்கும்போது ஹேஷிங்கை வேணும்னே ஸ்லோவா வைப்போம். உடைக்கவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல. ஆனா ஒவ்வொரு முயற்சிக்கும் நேரமும் பணமும் செலவாகும். ஹேக்கர் கணக்குப் பார்த்துட்டு வேற இடத்துக்குப் போயிடுவான். கிட்டத்தட்ட அதே லாஜிக்தான் இங்கேயும்.

1966-ல லீ குவான் யூ இதுக்கு ஒரு உவமை சொன்னார். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும், சின்ன மீன் இறாலைத் தின்னும். அப்படிப்பட்ட கடல்ல நாம விஷ இறாலா இருக்கணும். முழுங்கினவனுக்கு வயித்தைக் கலக்கணும்.

டிடரன்ஸ் வேலை செய்ய மூணு விஷயம் வேணும்: திறன், மன உறுதி, அதை எதிராளிக்குப் புரிய வைக்கிறது. ஒண்ணு குறைஞ்சாலும் கணக்கு உதைக்கும்.

முதல்ல திறன். 1967-ல கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது. பயிற்சி கொடுக்க இஸ்ரேல்லேருந்து ஆலோசகர்கள் வந்தாங்க. சுத்தி முஸ்லிம்கள் பெரும்பான்மையா இருக்கிற நாடுகள். அதனால அவங்களை 'மெக்சிகோக்காரர்கள்'னு சொல்லி வச்சாங்களாம்!

அடுத்தது உறுதி. மலேசியாவோட 1962 தண்ணீர் ஒப்பந்தம் 2061 வரைக்கும் செல்லும். அந்தத் தண்ணியை யாராவது திடீர்னு நிறுத்தினா ராணுவம் உள்ளே போகும்னு மகாதீரிடமே சொன்னதா லீ தன் நினைவுக் குறிப்புல எழுதியிருக்கார். கோடு எங்கே இருக்குன்னு எதிர்த்தரப்புக்குத் தெளிவாத் தெரிஞ்சிருக்கணும். தெரியாத கோட்டை யாரும் தெரியாமலேயே தாண்டிடுவாங்க.

மூணாவது, புரிய வைக்கிறது. 1969 தேசிய தின அணிவகுப்புல ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கிகளை ஓட்டிக் காட்டினாங்க. இன்னைக்கும் ரிசர்வ் படையைத் திரட்டும் ஒத்திகையில டிவி, ரேடியோவுல வெளிப்படையா அழைப்புக் குறியீடு வரும். அந்த அழைப்பு ரிசர்வ் வீரர்களுக்கு மட்டும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான்.

சரி, இதுல ஓட்டையே இல்லையா? இருக்கு. இறாலோட விஷம் வேலை செய்யணும்னா இறால் முதல்ல செத்தாகணும். அதனால பின்னாடி வந்த ஆய்வாளர்கள் முள்ளம்பன்றி உவமைக்கு மாறினாங்க: வாயில வைக்கும்போதே குத்தணும். ரெண்டாவது ஓட்டை இன்னும் பெருசு. நான் பாதுகாப்புக்காக வாங்குற டாங்கி, பக்கத்து நாட்டுக்கு மிரட்டலாத் தெரியும். அவனும் வாங்குவான். 1991-ல மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து, சிங்கப்பூரோட தேசிய தினத்தன்னைக்கே ஜோகூர்ல பாராசூட் படைப் பயிற்சி நடத்தினாங்க. சிங்கப்பூர் உடனே ரிசர்வ் படையைத் திரட்டிச்சு. நல்லவேளை, அதுக்கு மேல போகலை.

அதனாலதான் முள் மட்டும் போதாது, கையும் குலுக்கணும். யாழ்ப்பாணப் பக்கம் பிறந்த எஸ். ராஜரத்தினம்தான் சிங்கப்பூரோட முதல் வெளியுறவு அமைச்சர். கட்டாய சேவைச் சட்டம் வந்த அதே 1967-ல, ஆகஸ்ட் 8 அன்னைக்கு பாங்காக்ல ஆசியான் அமைப்பைத் தொடங்கின அஞ்சு பேர்ல அவரும் ஒருத்தர். அதே மேஜையில மலேசியாவும் இந்தோனேசியாவும் இருந்தாங்க. பெட்ரா பிராங்கா தீவுச் சண்டைகூட சர்வதேச நீதிமன்றத்துக்குத்தான் போச்சு. 2008-ல சிங்கப்பூருக்குச் சாதகமாத் தீர்ப்பு வந்தது, மலேசியா ஏத்துக்கிச்சு. பின்னாடி மறுபரிசீலனை கேட்டு, 2018-ல அதையும் கைவிட்டாங்க.

மறுபக்கம் குவைத்தைப் பாருங்க. காசு இருந்தது, எண்ணெய் இருந்தது. 1990 ஆகஸ்ட் 2 அன்னைக்கு ஈராக் உள்ளே வந்தப்போ ரெண்டே நாள்ல நாடு கையைவிட்டுப் போச்சு. அமெரிக்கா தலைமையிலான கூட்டணி வந்து மீட்க 1991 பிப்ரவரி கடைசி ஆயிடுச்சு. நண்பர்கள் வருவாங்க. ஆனா அவங்க வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது நம்ம வேலை.

இந்தக் கணக்குல எனக்கு உறுத்துற வரி ஒண்ணு இருக்கு. இதோட பில்லைக் கட்டுறது யாரு? சிங்கப்பூர்ல ஒவ்வொரு பையனும் 18 வயசு வாக்குல ரெண்டு வருஷத்தைக் கொடுக்கணும். சீனர், மலாய்க்காரர், தமிழர்னு வித்தியாசம் கிடையாது. அதுக்கப்புறமும் 40 வயசு வரைக்கும், அதிகாரிகளா இருந்தா 50 வரைக்கும், கூப்பிட்டா போகணும். நீங்களும் நானும் காலேஜ் முதல் வருஷத்துல பங்க் அடிச்ச வயசு அது. பயிற்சியில உயிர் போன பசங்களும் உண்டு.

இதுல சிக்கல் என்னன்னா, டிடரன்ஸ் ஜெயிச்சா எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததால, "எதுக்கு இவ்வளவு செலவு?"ன்னு கேள்வி வரும். இது பயத்தால வந்த அமைதியா, இல்ல எப்படியும் இருந்திருக்கக்கூடிய அமைதியான்னு யாராலயும் நிரூபிக்க முடியாது. சின்ன நாடுகள் அந்தப் பதில் தெரியாமலேயே வருஷா வருஷம் பில்லைக் கட்டிக்கிட்டு இருக்கு. ஏன்னா, கட்டாம இருந்து சோதிச்சுப் பார்க்க அவங்களுக்கு இன்னொரு நாடு கிடையாது.

உங்க கருத்தைச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.