போன் கேட்டில்... மெசேஜ் கம்ப்யூட்டரில்!

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் செல்போனுக்கு அனுமதி இல்லை. மருந்து புழங்குகிற இடம். ஒரு சின்னப் பொறி போதும், உயிரே போய்விடும். அதனால் காலையில் கேட்டிலேயே போனை அணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

என் சித்தி மகள் அப்படி ஓர் ஆலையின் ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். தீபாவளி நெருங்கினால் வெளியூர் வியாபாரிகள் எல்லோரும் அவளுடைய வாட்ஸ்அப்பில்தான் சரக்கு கேட்பார்கள். போன் கேட்டில் இருந்தால் ஆர்டரை எப்படிப் பார்ப்பது? ஆபீஸ் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் இணைத்துக்கொண்டாள். அதே கம்ப்யூட்டரில் இன்னும் 2 பேர் வேலை பார்க்கிறார்கள்.

போன சீசனில் ஒரே நாளில் 2 சிக்கல். காலையில், லாரி வாடகை அனுப்ப வேண்டிய ஓ.டி.பி. வரவே இல்லை. ஏற்றிய சரக்கு அப்படியே நின்றது. மதியம் அவள் சாப்பிடப் போயிருந்தபோது, வரக் கூடாத நேரத்தில் ஒன்று வந்தது. சித்தியின் ஸ்கேன் ரிப்போர்ட்! வீட்டிலிருந்து தம்பி அனுப்பியது. திரும்பி வந்தவளிடம் பக்கத்து சீட் பையன், “அம்மாவுக்கு என்னக்கா ஆச்சு?” என்று கேட்டான். பெற்ற தாயின் விஷயம் மகளுக்கு முன்னால் ஆபீஸுக்குத் தெரிந்துவிட்டது.

இந்த இரண்டு சிக்கலுக்கும் விடை தெரிந்தால், உங்கள் வீட்டிலோ கடையிலோ இது நடக்காது.

ஒன்று வருகிறது... ஒன்று வரவில்லை... ஏன்?

2015-ல் வாட்ஸ்அப் வெப் வந்தபோது, கம்ப்யூட்டர் வெறும் கண்ணாடி மாதிரிதான். போனில் இருப்பதைக் காட்டும்; போனில் நெட் போனால் அதுவும் ஊமையாகிவிடும். 2021-லிருந்து இது மாறத் தொடங்கியது. இப்போது இணைத்த ஒவ்வொரு கருவிக்கும் மெசேஜ் நேராகவே போய்ச் சேர்கிறது. போன் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டரில் வரும். ஒரு போனோடு 4 கருவிகள் வரை இணைக்கலாம். 14 நாட்களுக்கு மேல் போனில் வாட்ஸ்அப்பைத் தொடாமல் விட்டால் மட்டும் இணைப்புகள் அறுந்துவிடும்.

எஸ்.எம்.எஸ். கதை வேறு. அது சிம் கார்டைத் தேடி வருவது. முதலில் போனுக்கு வந்து, அங்கிருந்து நெட் வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். போன் ஸ்விட்ச் ஆஃப் என்றால் ஓ.டி.பி.யும் ஸ்விட்ச் ஆஃப்!

மெசேஜ் வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

1. போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் நெட் இருக்கிறதா? கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை ஒருமுறை ரீஃப்ரெஷ் செய்யுங்கள்.

2. கம்ப்யூட்டரின் தேதி, நேரம் சரியா? பழைய கம்ப்யூட்டர்களில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் தேதி பின்னால் போய்விடும். அப்போது இணைப்பு தகராறு செய்யும்.

3. எஸ்.எம்.எஸ். மட்டும் வரவில்லை என்றால் போனில் பேட்டரி சேவரை அணைத்துப் பாருங்கள்.

4. பிரவுசரையும் போனில் உள்ள ஆப்பையும் அப்டேட் செய்யுங்கள்.

5. எதுவும் பலிக்கவில்லையா? லாக்-அவுட் செய்து, மறுபடி கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள். பழைய மெசேஜ்கள் இறங்கி முடியும்வரை போன் ஆனில் இருக்கட்டும். ரொம்பப் பழையவை கம்ப்யூட்டருக்கு வராமல் போகலாம். அவை போனில் பத்திரமாக இருக்கும்.

பலர் தொடும் கம்ப்யூட்டரா? உஷார்!

பக்கத்தை மூடினால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் திறந்தால் உங்கள் மெசேஜ்தான் வரவேற்கும். வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்வது ஒன்றே வழி. மறந்துவிட்டீர்களா? வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ‘லிங்க்டு டிவைசஸ்’ பகுதிக்குப் போனால், எங்கெல்லாம் இணைத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் இருக்கும். வேண்டாததைத் தொட்டு லாக்-அவுட் கொடுங்கள். வாரம் ஒருமுறை இந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்லது. நீங்கள் இணைக்காத கருவி ஏதாவது அதில் இருந்தால் உடனே நீக்குங்கள்.

ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட்டு, கம்ப்யூட்டரில் தனித்தனி யூசர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். டவுன்லோடு செய்த படமும் பி.டி.எஃப்.பும் லாக்-அவுட் செய்த பிறகும் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். அவற்றை மறக்காமல் அழியுங்கள்.

முக்கியமாக, எஸ்.எம்.எஸ்.ஸைப் பொதுக் கம்ப்யூட்டரில் இணைக்கவே வேண்டாம். அதில் வரும் ஓ.டி.பி., உங்கள் வங்கிக் கணக்கின் சாவி. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போவோமா?

என் சித்தி மகள் இப்போது முதலாளியிடம் சொல்லி, ஆலைக்கு வெளியே டவுன் ஆபீஸில் ஒரு போனும் தனி சிம்மும் வாங்கி வைக்கச் செய்துவிட்டாள். ஆர்டர் எல்லாம் அந்த நம்பருக்குத்தான். கம்ப்யூட்டரில் இணைத்திருப்பதும் அதைத்தான். பணம் அனுப்பும் வேலையும் டவுன் ஆபீஸுக்கே போய்விட்டது. தம்பியிடமும் கறாராகச் சொல்லிவிட்டாள், “வீட்டு விஷயம்னா ஆபீஸ் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுடா!”

சித்தி இப்போது நலம். அந்தச் செய்தி மட்டும் லேண்ட்லைனில், முதலில் அவள் காதுக்குத்தான் வந்தது.