‘ம்ம்’ சொல்ற அப்பாவோட ஃபேமிலி பட்ஜெட்!



கல்யாண வீட்டுப் பந்தியில உக்காந்தா, சாம்பார் வர்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி வந்துடும். “தம்பி இப்போ எங்க வேலை? பேக்கேஜ் எவ்வளவு?” வெளியில சக்சஸுக்கு அதுதான் அளவுகோல். வீட்டுக்குள்ள அளவுகோலே வேற.

என் பொண்ணு ரெண்டாம் வகுப்பு படிக்கிறா. ‘என் அப்பா’ன்னு அஞ்சு வரி எழுதச் சொல்லியிருக்காங்க. அவ எழுதின ரெண்டாவது வரி: “என் அப்பா மீட்டிங்கில் வேலை செய்கிறார்.” நாலாவது வரி: “என் அப்பாவின் நண்பர் பெயர் லேப்டாப்.” டீச்சர் ரெண்டுக்கும் டிக் போட்டு, கீழ ‘வெரி குட்’டும் எழுதியிருக்காங்க.

இதுல சிரிக்கிறதுக்கும் விஷயம் இருக்கு, கணக்குப் போடறதுக்கும் விஷயம் இருக்கு. ஆபீஸ் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நமக்கும் பிள்ளைக்கும் நடுவுல இருக்கிறது ராத்திரி ஏழுல இருந்து பத்து வரைக்கும், மூணு மணி நேரம். அதுலயும் கிரெடிட் கார்டு பில், இன்சூரன்ஸ் ரினியூவல், ஸ்கூல் ஃபீஸ், ஓடிபினு பண விஷயங்கள் வந்து உக்காந்துடுது. குடும்பத்துக்காகச் செய்ற வேலைதான், ஆனா குடும்பத்தோட நேரத்தை அதுதான் திங்குது.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்: நம்ம கவனம் இல்லாமலே ஓடக்கூடிய பண வேலைகளை எல்லாம் ஆட்டோமேட்டிக்கா மாத்திடணும். மிச்சமாகிற கவனத்தை வீட்டுக்குக் கொடுக்கணும். எப்படின்னு பார்க்கலாம் வாங்க.

1. ‘ம்ம்’ என்பது வெத்து செக்

மெயில் பார்த்துக்கிட்டே பேசற எல்லா அப்பா அம்மாவுக்கும் ஒரே பதில்தான்: “ம்ம்”. பிள்ளைங்களுக்கு இது நல்லாவே தெரியும். லேப்டாப் மூடியிருந்தா எங்க வீட்ல எந்தக் கோரிக்கையும் வராது. திறந்ததும் வரும்.

“அப்பா, மீன் தொட்டி வாங்கலாமா?”

“ம்ம்.”

“அம்மா! அப்பா ஓகே சொல்லிட்டார்!”

1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு நிரம்பாதவங்க ஒப்பந்தம் போடத் தகுதி இல்லாதவங்க. இதை நான் வாதமா எடுத்து வெச்சேன். ஆனா மைனருக்கு லாபமான ஒரு வாக்குறுதியை மைனர் தரப்பு நிறைவேத்தச் சொல்லிக் கேக்கலாம்ங்கிறதும் கோர்ட்டுகள் ஏத்துக்கிட்ட விஷயம்தான். அது தெரியாமலே என் பொண்ணு கேஸ்ல ஜெயிச்சுட்டா.

இதுக்கு எங்க வீட்ல இப்போ ஒரு தீர்வு இருக்கு. ‘சின்னச் சின்ன ஆசை’ன்னு தனியா ஒரு சேவிங்ஸ் அக்கவுன்ட். சம்பளம் வந்த மறுநாள் ஒரு தொகை தானா அங்க போயிடும். மீன் தொட்டியோ சைக்கிளோ, அந்த அக்கவுன்ட்ல எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் ‘ம்ம்’. பேலன்ஸ் பார்க்கிறது அவ பொறுப்பு.

2. ஜூன் மாசம் வர்ற இன்னொரு தீபாவளி

ஸ்கூல் ஃபீஸ் ஒண்ணும் திடீர்னு வர்ற செலவு இல்ல. வருஷா வருஷம் அதே மாசம் வருது. ஆனாலும் வருஷா வருஷம் ஷாக் ஆகுறோம்.

வருஷ ஃபீஸ் 60,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. அதை 12-ஆல வகுத்தா மாசம் 5,000. ஜூன்ல ஒரு ரெக்கரிங் டெபாசிட் ஆரம்பிச்சா அடுத்த ஜூன்ல ஃபீஸ் ரெடி. வட்டி, யூனிஃபார்முக்கோ ஷூவுக்கோ உதவும். கிரெடிட் கார்டுல தேய்ச்சு இஎம்ஐயா மாத்தினா அதே 12 மாசம் கட்டுவோம், ஆனா வட்டி நம்ம கையை விட்டுப் போகும். அதே பள்ளிக்கூடம், அதே பிள்ளை, பணம் போற திசை மட்டும் வேற.

3. அஞ்சாம் தேதி ரகசியம்

பெண் குழந்தை இருக்கறவங்களுக்கு 2015-ல ஆரம்பிச்ச செல்வமகள் சேமிப்புத் திட்டம் தெரிஞ்சிருக்கும். பத்து வயசுக்குள்ள கணக்கு திறக்கணும். வருஷத்துக்குக் குறைஞ்சது 250 ரூபாய், அதிகபட்சம் 1.5 லட்சம். 15 வருஷம் கட்டணும், 21-வது வருஷம் முதிர்வு.

இதுல பல பேர் கவனிக்காத ஒரு விதி இருக்கு. ஒவ்வொரு மாசமும் 5-ம் தேதி முடிவுல இருந்து மாசக் கடைசி வரைக்கும் இருக்கிற குறைஞ்சபட்ச பேலன்ஸுக்குத்தான் வட்டி. 6-ம் தேதி கட்டினா அந்தப் பணத்துக்கு அந்த மாச வட்டி கிடையாது. பிபிஎஃப்-க்கும் இதே விதிதான். “சம்பளம் வந்துச்சே, அப்புறம் கட்டிக்கலாம்”னு சொல்ற நம்மள மாதிரி ஆளுங்களுக்காகவே வெச்ச விதி போல இருக்கு!

மாசம் 5,000 ரூபாய், அஞ்சாம் தேதிக்குள்ள, 15 வருஷம். 2024 ஜனவரியில இருந்து அமலுக்கு வந்த 8.2 சதவீத வட்டி கடைசி வரைக்கும் அப்படியே நின்னா, முதிர்வுல சுமார் 27.7 லட்சம் வரும். நாம கட்டினது 9 லட்சம்தான். வட்டி விகிதத்தை அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசீலிக்கும், அதனால இதை ஒரு மதிப்பீடா மட்டும் எடுத்துக்குங்க.

3-ம் தேதிக்கு ஒரு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுட்டா நீங்க மறந்தாலும் பேங்க் மறக்காது.

4. சிரிப்பை ஓரமா வெச்சுட்டுப் பேச வேண்டிய விஷயம்

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, இதெல்லாம் எதுக்கு?”னு நினைக்கிற நண்பர்களே, இந்தப் பகுதி முக்கியமா உங்களுக்குத்தான்.

முதல் வேலையில சேர்ந்த அன்னைக்கு ஹெச்ஆர் கொடுத்த ஒரு கட்டு ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருப்போம். அதுல பிஎஃப் நாமினேஷனும் ஒண்ணு. அம்மா பேரையோ அப்பா பேரையோ எழுதியிருப்போம். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. புதுசா போடணும். போடாம விட்டா, நமக்கு ஏதாவது ஆயிட்டா, குடும்பம் அழுகையோட ஆவணங்களையும் தூக்கிக்கிட்டு அலையணும்.

பிஎஃப் கூடவே இடிஎல்ஐ-னு ஒரு இன்சூரன்ஸ் இருக்கு. நம்ம சம்பளத்துல இதுக்காக ஒரு ரூபாய் கூடப் பிடிக்கிறதில்ல. பணியில இருக்கும்போது இறந்துட்டா குடும்பத்துக்கு 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும். இப்படி ஒண்ணு இருக்குன்னே நிறைய வீட்ல தெரியாது.

யூஏஎன் போர்ட்டல்ல இ-நாமினேஷனை ஆதார் மூலமா நாமளே முடிக்கலாம். டேர்ம் இன்சூரன்ஸ்ல குழந்தையை நாமினியா போட்டிருந்தா, 18 வயசு வரைக்கும் பணத்தை வாங்கிப் பொறுப்பா வெச்சுக்க ‘அப்பாயின்ட்டி’ன்னு ஒரு பெரியவர் பேரும் கொடுக்கணும்.

எங்க வீட்ல இதையெல்லாம் ஒரே பக்கத்துல எழுதி, பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கோம். பாலிசி நம்பர், பேங்க் பேர், யாரைக் கூப்பிடணும், அவ்வளவுதான். “ஏங்க, இதுல ஒய்ஃபை பாஸ்வேர்டையும் எழுதிடுங்க, வீட்ல அதைத்தான் அடிக்கடி தேடறோம்”னு சொன்னது என் மனைவி.

5. ஆட்டோமேட் பண்ண முடியாத ஒண்ணு

போன வாரம் ஒரு பேமென்ட்டுக்கு ஓடிபி டைப் பண்ணிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னா.

“அப்பா, நாம பணக்காரங்களா?”

ஓடிபிக்கு மூணு நிமிஷம் ஆயுசு. இந்த மாதிரி கேள்விக்கு அதை விடக் கம்மி. ஓடிபி போனா ‘ரீசெண்ட்’ பட்டன் இருக்கு. ஃபோனைக் கவிழ்த்து வெச்சுட்டு, “ஏன்டா கண்ணா கேக்கற?”னு கேட்டேன். கிளாஸ்ல ஒரு ஃபிரெண்ட் லீவுக்கு ஃபிளைட்ல போனாளாம். நாம டிரெயின்ல போனோமாம்.

இருபது நிமிஷம் பேசினோம். வாடகைன்னா என்ன, சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருதா, தாத்தா எதுக்கு இன்னும் பழைய ஸ்கூட்டரே வெச்சிருக்கார்னு எங்கெங்கயோ போச்சு. கடைசில அவளே ஒரு தீர்ப்பு சொன்னா: “டிரெயின்ல மேல் பெர்த் இருக்கு. ஃபிளைட்ல இல்ல.”

பணத்தைப் பத்தி ஒரு குழந்தை முதல்ல படிக்கிறது இப்படிப்பட்ட பேச்சுல இருந்துதான். பக்கத்து வீட்டு கார், ஃபிரெண்டோட ஃபிளைட்னு ஒப்பிடற பழக்கம் ஆரம்பிக்கிற இடமும் இதுதான், அதைப் பேசித் தெளிவாக்கறதுக்கு ஏத்த இடமும் இதுதான். இந்த வேலைக்கு எந்த பேங்க்லயும் ஆட்டோ-டெபிட் வசதி கிடையாது.

இந்த வாரக் கடைசி வேலை

ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

• பிஎஃப் நாமினேஷன் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க.
• ஃபீஸுக்கோ, உங்களோட வருஷ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கோ ஒரு ஆர்டி போடுங்க.
• சேமிப்பு எல்லாம் 5-ம் தேதிக்கு முன்னாடி தானா போற மாதிரி தேதியை மாத்துங்க.
• ஒரு பக்கத்துல எல்லா விவரமும் எழுதி, வீட்ல இன்னொருத்தருக்குக் காட்டுங்க.

இ-நாமினேஷனை ஸ்டெப் பை ஸ்டெப்பா எப்படிப் பண்றதுன்னு அடுத்த வீடியோவுல காட்டறேன். அது சாயங்காலம் ஏழு மணிக்கு வரும், ஆனா நீங்க பத்து மணிக்கு மேல பாருங்க. ஏழு மணிக்கு வீட்ல வேற வேலை இருக்கு!