கிதாருக்குள் புகுந்த கமகம்

ராக் குழு பாணியை மாற்றினால் ரசிகர்களுக்குள் சண்டை நிச்சயம். 1996-இல் மெட்டாலிகாக்காரர்கள் நீண்ட முடியை வெட்டிக்கொண்டு, வேகத்தையும் குறைத்து ‘லோட்’ ஆல்பத்தை வெளியிட்டார்கள். காசுக்கு விலைபோய்விட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆல்பமோ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது.

இந்தியாவிலும் இதற்குக் கதை உண்டு. 1984-இல் பம்பாயில் பிறந்த ‘ராக் மெஷின்’ நம் நாட்டின் ஹார்ட் ராக் முன்னோடிகளில் ஒன்று. 1988-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே ‘ராக் அண்ட் ரோல் ரெனிகேட்’. 1993-இல் பெயரை ‘இண்டஸ் கிரீட்’ என்று மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கக் குழுக்களின் சாயலிலிருந்து விலகித் தங்களுக்கென ஓர் அடையாளம் தேடிய முயற்சி அது. 1997-இல் கலைந்து, 2010-இல் மீண்டும் கூடி, 2012-இல் ‘எவால்வ்’ கொண்டுவந்தார்கள். அதற்குள் பழைய ரசிகர்களுக்குத் தலை நரைத்துவிட்டது.

எனக்கு இதைவிடச் சுவையானது கொச்சிக் குழுவான ‘மதர்ஜேன்’ கதை. 1996-இல் தொடங்கிய இந்தக் குழுவின் முதல் ஆல்பம் ‘இன்சேன் பயாகிரபி’ கேட்கத் தரமான மேற்கத்திய ராக்; எந்த ஊர்க் குழு என்று சொல்லாவிட்டால் கண்டுபிடிப்பது கஷ்டம். 2008-இல் ‘மக்தூப்’ வந்தது. சூரஜ் மணியின் பாட்டு ஆங்கிலத்தில்தான். ஆனால் பைஜு தர்மஜனின் கிதார் வேறு மொழி பேசியது. கர்நாடக இசையின் கமகம், அதாவது சுரங்களின் வளைவும் குழைவும், அந்தக் கம்பிகளில் கேட்டது.

கிதாரின் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்திருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு சுரம். கமகமோ இரண்டு சுரங்களுக்கு நடுவில் உயிர்வாழ்வது. அதனால் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தும் வழுக்கியும்தான் அதைப் பிடிக்க வேண்டும். சாதாரண கிதாரில் ஒலி சட்டென்று அடங்கிவிடும். இழுத்து முடிப்பதற்குள் சுரம் செத்துப்போகும். ஹார்ட் ராக் கிதாரில் மின்சாரத்தால் கரகரப்பேற்றிய ஒலி நாகஸ்வரம்போல நீண்டு நிற்கிறது. கர்நாடக இசைக்காரர் காதைப் பொத்திக்கொள்ளும் அந்த இரைச்சல்தான் கமகத்துக்கு இடம் கொடுக்கிறது! மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினைக் கையில் எடுத்தபோதும் இந்த வாத்தியத்தில் ராகம் நிற்குமா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு அவர் பெயரோடு அந்த வாத்தியமும் ஒட்டிக்கொண்டது.

பெங்களூரின் ‘அகம்’ குழுவுக்கும் இரு பக்கமும் அடிதான். சன் டிவியின் ‘ஊ ல ல லா’ போட்டியில் வென்று தமிழ் வீடுகளுக்கு அறிமுகமானவர்கள். தியாகராஜர் கீர்த்தனைக்கு டிரம்ஸ் எதற்கு என்று சபா ரசிகர்களில் ஒரு பிரிவு முகம் சுளிக்கிறது. ராக் கேட்க வந்தவர்களில் சிலர், இவ்வளவு ஆலாபனை எதற்கு என்கிறார்கள்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் வழியிலுள்ள முகையூர்ப் பக்கம் இந்தப் பெயர்களைச் சொன்னால் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். சண்டை மட்டும் நன்றாகவே தெரியும். இந்த வட்டாரத் தெருக்கூத்து மேடையில் ஆர்மோனியம் இல்லாத இரவை இன்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதான். கமகம் பேசாது என்று அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கியே வைத்திருந்தது. கூத்துக்காரர்கள் அதற்காகப் பெட்டியை மூடிவைக்கவில்லை. முகவீணையோடு சேர்த்து வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஆகவே பாணி மாறியதே குற்றம் என்பவர்களோடு எனக்கு ஒட்டாது. மாற்றமெல்லாம் வளர்ச்சி என்று கைதட்டுபவர்களோடும் ஒட்டாது. பாட்டின் நடுவில் நாலு நிமிடம் தபலா வாசித்துவிட்டுப் பழைய தாளத்துக்கே திரும்புவதை ஃபியூஷன் என்று விற்கிறார்கள். ஒட்டுப்போட்ட வேலை அது. தபலாவை எடுத்துவிட்டால் பாட்டுக்கு ஒரு குறையும் வராது. ‘மக்தூப்’பில் கமகத்தை எடுத்துவிட்டால் கிதாரே மிஞ்சாது.

அதற்கு விலையும் இருந்தது. 2010-இல் பைஜு விலகினார், பின்னால் சூரஜும் போனார். ஒருவர் விரலில் இருந்த பாணி அவரோடு கிளம்பிவிட்டது. பழைய ராக்கே போதும் என்றிருந்த ரசிகர் அப்போது, நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்லியிருக்கலாம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் மதர்ஜேன் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டாவது ஆல்பம்தான்.

இரண்டு ஆல்பங்களையும் ஒரே நாள் மாலையில், வரிசை மாற்றாமல் கேட்டுப் பாருங்கள். எந்தக் கட்சியில் சேருவது என்பதைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.